கிணற்றில் தண்ணீர் ஏறியது தடுப்பணையாலா, மழையாலா? வேலூர்க்காரர்கள் போட வேண்டிய கணக்கு

(திரையில்: வறண்ட பாலாறு, அடுத்த நொடியே வெள்ளம் ஓடும் பாலாறு)

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரயிலில் குடிதண்ணீர் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அப்படியே 2021 நவம்பருக்கு வாருங்கள். பாலாற்றில் கரை கொள்ளாத வெள்ளம், தரைப்பாலங்கள் முழுகின, ஏரிகள் வரிசையாகக் கோடி போயின.

இப்போது ஒரு கேள்வி. 2019 கோடையில் ஓர் ஊரில் தடுப்பணைத் திட்டம் ஆரம்பிக்கிறார்கள் என்று வையுங்கள். முதலில் ஊர்க் கிணறுகளை அளந்து எழுதிக்கொள்கிறார்கள். 2022 கோடையில் வேலை முடிந்து மறுபடி அளக்கிறார்கள். தண்ணீர் நன்றாக ஏறியிருக்கிறது. ‘எங்கள் திட்டத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தது’ என்று அறிக்கை எழுதலாமா?

எழுதலாம் என்பவர்கள் கமெண்ட்டில் 1 போடுங்கள், கூடாது என்பவர்கள் 2 போடுங்கள். வீடியோ முடியும்போது மனசு மாறினால் திருத்திக்கொள்ளலாம், தப்பில்லை.

வணக்கம் மக்களே. மண், தண்ணீர், காடு இவற்றுக்காகச் செலவழிக்கும் பணம் பலன் தந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் இன்றைய விஷயம். அரசு அலுவலகங்களில் இதற்குப் பெயர் ‘விளைவு சார்ந்த கண்காணிப்பும் மதிப்பீடும்’. பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். உள்ளே இருப்பது நம் கிணற்றடிக் கணக்குதான்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு அமைத்த ஹனுமந்த ராவ் குழு 1994இல் கொடுத்த அறிக்கையை வைத்து, 1995இல் நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கு, அதாவது மழைத்தண்ணீர் ஒரே ஓடைக்கு வடிகிற நிலப்பரப்பில் மண்ணையும் தண்ணீரையும் காக்கும் திட்டங்களுக்கு, பொது வழிகாட்டி வந்தது. 2008இல் அதைத் திருத்தினார்கள். 2009இல் ஒருங்கிணைந்த திட்டம் ஆனது, 2015இல் பிரதமரின் விவசாயப் பாசனத் திட்டத்துக்குள் போனது. நடுவில் நூறு நாள் வேலையும் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

ஒரு தடுப்பணையை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் ஒதுக்கினார்கள், ஆள் வைத்தார்கள், கல்லும் சிமெண்ட்டும் வந்தது, அணை எழுந்தது. நீளம், அகலம், உயரம் எல்லாம் எம்புக்கில், அதாவது வேலையை அளந்து எழுதும் அரசுப் பதிவேட்டில், ஏறிவிட்டது, பில் பாஸ் ஆகிவிட்டது. பெரும்பாலான அறிக்கைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஊர்க்காரன் கேட்பது வேறு. தண்ணீர் எத்தனை நாள் நின்றது? மே மாதம் கிணற்றில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது? மல்லாட்டைக்கு அப்புறம் இன்னொரு போகம் வைக்க முடிந்ததா? குடிதண்ணீர் லாரி வருவது நின்றதா? எம்புக்கில் இருப்பது செய்த வேலை. இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் விளைவு. விளைவைக் கேட்கிற உரிமை அந்த ஊரில் கல் சுமந்த ஒவ்வொருவருக்கும் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

நாகநதியை மீட்கும் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஆற்றின் போக்கில் உறைகிணறுகளும் கல் தடுப்புகளும் போட்டார்கள். 2021இல் பிரதமரின் வானொலிப் பேச்சில்கூட இது வந்தது. அந்தப் பெண்கள் வெயிலில் கொட்டிய உழைப்புக்கு ‘இத்தனை கிணறு போட்டோம்’ என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடும் கணக்கு போதாது. ‘இத்தனை அடி தண்ணீர் எங்களால் ஏறியது’ என்ற கணக்கைத்தான் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த ‘எங்களால்’ என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது.

டியூஷன் போன பிள்ளைக்கு மார்க் ஏறினால் டியூஷன் வாத்தியாரைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த வருஷம் கேள்வித்தாளே சுலபமாக இருந்திருந்தால்? டியூஷன் போகாத பிள்ளைக்கும் மார்க் ஏறியிருக்குமே. அப்படியென்றால் போகாத பிள்ளையின் மார்க்கையும் பார்க்க வேண்டும் இல்லையா?

(திரையில்: இரண்டு கிணறுகள், நான்கு எண்கள்)

கணக்குக்காக நான் ஒரு எண் சொல்கிறேன், எந்த ஊரின் உண்மை எண்ணும் இல்லை. தடுப்பணை கட்டிய ஊரில் 2019 மே மாதம் தண்ணீர் 60 அடிக்குக் கீழே. 2022 மே மாதம் 25 அடியில். ஏற்றம் 35 அடி. பிரமாதம்! இப்போது தடுப்பணை இல்லாத பக்கத்து ஊருக்குப் போங்கள். அங்கே 58 அடியில் இருந்தது 30 அடிக்கு வந்திருக்கிறது. ஏற்றம் 28 அடி. இந்த 28 அடி மழை கொடுத்தது. தடுப்பணை கொடுத்தது மிச்சம் 7 அடி.

35 என்று எழுதினால் அது மழையின் பெயரைத் திருடுவது. 7 என்று எழுதினால் உண்மை. அந்த 7 அடியும் சின்ன விஷயம் இல்லை, கடைசித் தண்ணீருக்குக் காயப்போகிற பயிரைக் காப்பாற்றிவிடும். 2022ஐ விட்டுவிட்டு மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அளந்திருந்தால் இரண்டு ஊரிலும் மட்டம் இறங்கியிருக்கும், தடுப்பணை ஊரில் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கும். அப்போதும் திட்டம் பலன் தந்ததுதான். ஆனால் பக்கத்து ஊரை அளக்காதவர் ‘திட்டம் தோல்வி’ என்று எழுதி மூடிவிடுவார்.

பக்கத்து ஊர் என்று கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுக்கவும் கூடாது. தடுப்பணைக்குக் கீழே இருக்கும் ஊரை எடுத்தால், மேலே நிறுத்திய தண்ணீர் அவர்கள் ஏரிக்கு வராமல் போயிருக்கலாம். அவர்கள் நஷ்டத்தையும் நம் ஆதாயமாக அளந்துவிடுவோம். நம் பகுதியோ கெட்டிப் பாறை. தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடும். ஒரு வேலி தள்ளி இருக்கும் இரண்டு கிணறுகள் இரண்டு விதமாக நடக்கும். அதனால் ஒரு கிணற்றை நம்பாமல் ஊருக்குப் பத்துக் கிணறாவது வேண்டும் என்பேன்.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள்.

இந்த மழைச் சிக்கலை நேராக எதிர்கொண்ட ஒரு பெரிய ஆய்வு, வேலூர் அன்று சேர்ந்திருந்த நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில்தான் நடந்தது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இங்கே கிராமம் கிராமமாகப் போய் நெல் விவசாயத்தைப் பற்றி விசாரித்தார்கள். பசுமைப் புரட்சி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. புது நெல் ரகங்கள் பெரிய விவசாயிக்குத்தான் லாபம், சிறு விவசாயியும் கூலிக்காரரும் இன்னும் கீழே போவார்கள் என்பது அன்று பரவலாக இருந்த பயம்.

பத்து வருஷம் கழித்து, சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதே பகுதிக்குத் திரும்பின. 1982-83இல் கணக்கெடுத்தார்கள். ஆனால் அந்த வருஷம் கடும் வறட்சி! கிணறு காய்ந்த வருஷத்தில் போய் ‘உங்கள் வருமானம் கூடியதா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? அந்த எண்ணோடு ஊருக்குக் கிளம்பியிருந்தால், புது ரகங்களால் யாருக்கும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை என்று உலகத்துக்கே சொல்லியிருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த வருஷம், 1983-84இல், மறுபடி கணக்கெடுத்தார்கள். அந்த வருஷம் மழை ஓரளவு சரியாக இருந்தது. மூன்று வருஷங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் படம் தெளிந்தது. சிறு விவசாயி, நிலமில்லாத கூலித் தொழிலாளி ஆகியோரின் வருமானமும் கூடியிருந்தது. 1991இல் முடிவுகள் நூலாக வந்தன.

ஒரு வருஷம் கூடுதலாகக் கணக்கெடுப்பது என்றால் செலவு, ஆள், நேரம். அதைச் செய்ததால்தான் நம் ஜில்லா உலக வேளாண் ஆய்வுகளில் இன்றைக்கும் பேசப்படுகிறது. இன்றைய திட்டங்களிலோ ‘இந்த மார்ச்சுக்குள் முடி’ என்று ஒரே ஒரு இறுதிக் கணக்கெடுப்பு. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். நல்ல மழைக்கு ஒன்று, மோசமான மழைக்கு ஒன்று என இரண்டு வருஷமாவது அளக்காமல் எந்த நீர்த் திட்டத்துக்கும் மதிப்பெண் போடக் கூடாது.

இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. தண்ணீர் ஏறியது தெரிந்ததும் மல்லாட்டைக்காரர் கரும்புக்கும் வாழைக்கும் மாறுவார், இன்னொருவர் புது போர் போடுவார். மூன்றாம் வருஷம் மட்டம் பழைய இடத்துக்கே வந்துவிடும். கிணற்றை மட்டும் பார்த்தால் திட்டம் பூஜ்யம். வீட்டு வருமானத்தைப் பார்த்தால் வெற்றி. இரண்டையும் பார்த்தால்தான், பலன் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை என்று புரியும். இஸ்ரோவின் புவன் தளத்தில் நீர்வடிப்பகுதி வேலைகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆனால் மேலே இருந்து தெரிகிற பச்சை மல்லாட்டையா, சீமைக் கருவேலமா என்று கீழே இறங்கித்தான் சொல்ல முடியும்.

மரக்கன்றுகளுக்கு ஒரே வரி: நட்டதை எண்ணாதீர்கள், மூன்றாவது கோடைக்கு அப்புறம் நிற்பதை எண்ணுங்கள்.

இதையெல்லாம் அளக்கப் பெரிய நிபுணர் வேண்டுமா? வேண்டாம். நமக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தூர் உட்பட அன்றைய ஒன்றுபட்ட ஆந்திராவின் ஏழு மாவட்டங்களில், 2000களில் விவசாயிகளே தங்கள் மழையையும் கிணற்றையும் அளந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டம் எழுதி, இருக்கும் தண்ணீருக்கு எந்தப் பயிர் தாங்கும் என்று ஊர் கூடிக் கணக்குப் போட்டார்கள். எல்லை தாண்டினால் நாமும் அதே பாறை, அதே மழைதான். நம்மால் ஏன் முடியாது?

(திரையில்: கிணற்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்பு பெயிண்ட் கோடு)

செய்முறை இதுதான். கிணற்றுச் சுவரின் மேல் ஓரத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும், ஆளுக்கொரு இடத்தில் நின்று அளந்தால் கணக்கு கெட்டுவிடும். அடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு, நுனியில் ஒரு கனமான போல்ட். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் இறக்குங்கள். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் மட்டம் பொய் சொல்லும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருஷத்துக்கு நான்கு தடவை அளக்கிறது. நீங்களும் அதே மாதங்களில் அளந்தால் ஒப்பிட வசதி. முடிந்தால் பள்ளிக்கூட மாடியில் ஒரு மழைமானி வையுங்கள். எழுதியதை கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள், பக்கத்து ஊர் எண்ணோடு சேர்த்து.

அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் இருப்பவர்கள், உங்கள் ஊர்ப் பெயர், கிணற்றின் மொத்த ஆழம், இன்று காலைத் தண்ணீர் எத்தனை அடியில், பக்கத்தில் தடுப்பணை உண்டா இல்லையா, இந்த நாலையும் கமெண்ட்டில் போடுங்கள். தடுப்பணை இல்லாத ஊர்க்காரர்கள் கட்டாயம் போடுங்கள், உங்கள் எண் இல்லாமல் மற்றவர்கள் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. மே மாதம் மறுபடி கேட்பேன்.