ஆடிக் கறக்கிற மாடும் 29சி பஸ்ஸும்

(மயிலாப்பூரில் மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் கூடிய கூட்டத்தில் பேசியது. பேசினது பேசினபடி இருக்கட்டும் என்று அதிகம் திருத்தவில்லை.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மருத்துவர் அம்மா அவர்களே, துறை அதிகாரி அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அறங்காவலர் ஐயா அவர்களே, எனக்குப் பக்கத்தில் நின்று கைகள் ஓயாமல் என் பேச்சைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கையே, பெற்றோர்களே, சக்கர நாற்காலியில் முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கணும். போன வருஷம் பொருளாளரை விட்டுவிட்டேன். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொருளாளர் அவர்களே, வணக்கம்!

சட்டமன்ற உறுப்பினர் வேறொரு நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்றார்கள். இருந்தும் உட்கார்ந்திருக்கிறார், அதற்குத் தனியாக நன்றி. அவரிடம் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் மெரினாவில் நம் பிள்ளைகள் அலை பக்கம் போக மரப்பாதை போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து பிய்த்துப் போட்டது. சளைக்காமல் மறுபடி சரிசெய்தார்கள். அரசாங்கத்தைப் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஐயா, பாதை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பின்னால் நின்று தள்ளுகிற இரண்டு கை யாருடையது? சம்பளத்துக்கு வந்து நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கை. அந்தக் கையைப் பற்றித்தான் இன்றைக்கு என் பேச்சு.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்தக் கைக்குப் பெயர். இரண்டு, பயிற்சி. மூன்று, சம்பளம்.

எங்கள் அப்பாவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். அடிக்கடி ஒரு பழமொழி சொல்வார்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது சக்கர நாற்காலியில் இருந்த ஒரு தம்பி கையைத் தூக்கி, "அப்ப நாங்க மாடா மேடம்?" என்று கேட்டான். சபை கொல்லென்று சிரித்தது. நான் சொன்னேன், "தம்பி, பழமொழி மாட்டைப் பற்றி இல்லை, கறக்கிறவனைப் பற்றி." அவன் ஒப்புக்கொண்டானா தெரியாது. இன்றைக்கும் வந்திருக்கிறான், அதோ சிரிக்கிறான். பழமொழியை நான் விடுவதாக இல்லை.

என் மகனுக்கு இருபத்தேழு வயது. மூளை முடக்குவாதம். நான் டெலிபோன்ஸில் வேலை பார்த்தவள், ஷிப்ட் டியூட்டி. வீட்டுக்கு ஆள் வைத்தாக வேண்டும். ஒரு ஏஜென்சிக்குச் சொன்னோம். பெயர் வேண்டாம். முன்பணம், கமிஷன் எல்லாம் கறாராக வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண்தான், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு நாள் முன்பு வரை துணிக்கடையில் நின்றவள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. பையனைப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, கஞ்சி ஊட்டிவிட்டாள். புரை ஏறிக் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விட்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பெண் வராண்டாவில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் வந்தவர்தான் எங்கள் அக்கா. வியாசர்பாடிக்காரர். எட்டாம் வகுப்பு. வந்த முதல் இரண்டு நாள் எதையும் தொடவில்லை. கட்டில் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து பையனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம். சம்பளம் கொடுத்து வேடிக்கை பார்க்கவா வைத்திருக்கிறேன் என்று. மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "அம்மா, தம்பி கழுத்து கதவு பக்கம் திரும்பிச்சுன்னா பாத்ரூம் போகணும்னு அர்த்தம். கட்டை விரலை உள்ள மடக்குனா எங்கயோ வலிக்குது" என்றார். பெற்றவள் நான், இருபது வருஷமாக எனக்குத் தெரியாது.

சோறு ஊட்டினதைச் சொல்கிறேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து நேராக உட்காரவைப்பார். இவர் தாழ்வாக உட்கார்வார், பையன் குனிந்து பார்க்கிற மாதிரி. மோவாய் கொஞ்சம் கீழே இறங்கினால்தான் அவனுக்கு விழுங்க வரும். ரசம் தண்ணீராக இருந்தால் புரை ஏறும், அதனால் இட்லியைப் போட்டு மசித்துக் குழைத்து அரை ஸ்பூன். ஆனால் பிள்ளை வாயைத் திறக்கணுமே! அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் வருவது 29சி-யில். கண்டக்டர் மாதிரி குரல் கொடுப்பார். "பெரம்பூர்!" ஒரு வாய். "புரசைவாக்கம்!" ஒரு வாய். "ஜெமினி, ஜெமினி எறங்கு!" ஒரு வாய். மயிலாப்பூர், அடையாறு என்று போய் பெசன்ட் நகர் வரும்போது கிண்ணம் காலி. நடுவில் ஒரு ஸ்டாப்பைத் தாண்டினால் பையன் வாயை இறுக்கிக்கொள்வான். ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். நான் ஊட்டினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இந்த ஊர் நம்பரெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள், ஜெமினியை மறந்து நேரே மயிலாப்பூருக்கு வந்துவிட்டேன். துப்பிவிட்டான், என் புடவை முழுக்க ரசம்!

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற. அந்த அக்கா பாடிக் கறந்தார். எந்தக் கல்லூரியில் படித்தார்? இதற்குப் பெயர் திறமை இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் திறமை?

அடுத்த வருஷம் பையனுக்கு வயிறு சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரி. வாசலில் செக்யூரிட்டி அக்காவை நிறுத்தினார். "நீங்க யாரு?" அக்கா சொன்னார், "ஆயா." ஆயாவுக்குப் பாஸ் கிடையாது. சண்டை போட்டுத்தான் உள்ளே அழைத்துப்போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, எத்தனை தடவை போனான், என்ன நிறம் என்று கேட்கிறார். நான் அக்காவைப் பார்க்கிறேன். அக்கா பதில் சொல்கிறார். டாக்டர் அடுத்த கேள்வியையும் என்னிடமே கேட்கிறார். மறுபடி நான் அக்காவைப் பார்க்கிறேன். கால் மணி நேரம் இப்படியே நடந்தது. கடைசி வரை அந்த டாக்டர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் இருக்கும் மருத்துவர் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை, அது எனக்குத் தெரியும்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பராமரிப்பவர் யார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. பெற்றோர், குடும்பத்தார் உட்பட, பணம் வாங்கியோ வாங்காமலோ துணை செய்கிற எவரும் பராமரிப்பவர். நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் என்னையும் அக்காவையும் ஒரே பானையில் போட்டுவிட்டது. நான் தாய், அவர் தொழிலாளி. என் தேவை வேறு, அவர் தேவை வேறு. சிறப்பு ஆசிரியர், செவித்திறன் நிபுணர் போன்றவர்களைப் பதிவு செய்ய 1992 சட்டப்படி மறுவாழ்வு கவுன்சில் இருக்கிறது. வீட்டு வேலைத் தொழிலாளருக்கு நம் மாநிலத்தில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. அக்கா எந்தக் கதவைத் தட்டுவார்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் பதினொன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். அவர்களுக்குத் துணை நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் இந்த வேலை செய்பவர்களுக்கு 1996 முதல் தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பே இருக்கிறது, தொழில் நெறிமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியும் அந்த நாட்டு அரசின் 2018 தொழில் வகைப்பாட்டில் அவர்களுக்கென்று தனி எண் இல்லை. வீட்டு உதவியாளர்களோடு சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். தனி எண் கேட்டு நாடாளுமன்றத்தில் மசோதா மேல் மசோதா கொண்டுவந்தார்கள். அங்கேயே அப்படி.

ஆனால் நம்மிடம் வழி இருக்கிறது. இதைத்தான் நான் ஆறு வருஷமாக மேடைக்கு மேடை சொல்லிவருகிறேன், என் வீட்டுக்காரருக்கே அலுத்துவிட்டது. 1926-ல் இந்தச் சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகால உதவியாளர்களுக்குச் சட்டம் போட்டுப் பதிவேடு வைத்தார்கள். ‘தாதி’ என்று கூப்பிட்ட வாய் இன்றைக்குச் ‘செவிலியர்’ என்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்று எழுதிய அரசாங்கம் ‘மாற்றுத்திறனாளி’ என்று எழுதுகிறது, 2010-ல் தனித் துறையே வந்தது. பெயரும் பதிவேடும் சேர்ந்து வந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். எனவே துறை அதிகாரி அவர்களே, நான் கேட்பது ஒரு பதிவேடு, ஒரு அடையாள அட்டை. அட்டையில் ‘துணையாளர்’ என்று போடுங்கள். இதைவிட நல்ல சொல் இருந்தால் தமிழறிந்தவர்கள் தாருங்கள், மல்லுக்கு நிற்க மாட்டேன். ‘ஆயா’ மட்டும் வேண்டாம்.

‘சேவை’, ‘தியாகம்’, ‘தெய்வம்’ என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள். தெய்வத்துக்கு பி.எஃப். கிடையாது. தெய்வத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடையாது.

நான் யோக்கியம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு கிலோ பையனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை அக்கா தூக்கினார். நாலாவது வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இ.எஸ்.ஐ. இல்லை. சம்பளத்தோடு விடுப்பு என்று நான் ஒன்றும் எழுதிக்கொடுத்ததும் இல்லை. பத்தாயிரம் ரூபாயும் ஒரு புடவையும் கொடுத்து அனுப்பிவைத்தேன். அன்றைக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு. தூக்குவதற்கு ஒரு பெல்ட் இருக்கிறது, முறையாகப் பிடித்து மாற்றச் சொல்லித்தந்தால் முதுகு போகாது என்பதெல்லாம் பிறகு முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். பயிற்சி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. ‘இரண்டு நிமிடம்’ என்று செயலாளர் எழுதியிருக்கிறார், கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். சம்பளம் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. கடும் பாதிப்புக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாய் ஆனது. அதில் எத்தனை நாளைக்கு ஆள் வைக்க முடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மிச்சம் அடுத்த கூட்டத்தில்.

வெளியே மேஜையில் மனு வைத்திருக்கிறோம். பெற்றோர் ஒரு தாளில், துணையாளர்கள் தனித் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். ‘தொழில்’ என்ற இடத்தில் யாரும் ‘வீட்டு வேலை’ என்று எழுதிவிடாதீர்கள், இரண்டு பக்கம் அப்படி வீணாகிவிட்டது. எங்கள் அக்கா நாலாவது வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். இப்போது வேறு வீட்டில் வேலை, இதற்காக அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார், அந்த அரை நாளுக்குச் சம்பளம் இல்லை. அவருக்கு 29சி பிடிக்கணும். வரிசையில் முதலில் அவரை விடுங்கள்.

நன்றி, வணக்கம்.