தரவு எங்கே இருக்கிறது? வரைகலைச் செயலிகளும் பெருந்தரவுப் பகுப்பாய்வும்

நேயர்களுக்கு வணக்கம். நம் உதகையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் துகள்களை நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கோடி என்ற அளவில் பதிவு செய்கிறது. கணக்குக்காக, அந்த ஒரு நாள் பதிவைத் துகளுக்கு ஒரு வரிசை கொண்ட அட்டவணையாகக் கொள்வோம். நேரத்தைக் குறிக்கும் நெடுவரிசையில் துகளுக்கு 8 பைட் என்றால், அது மட்டுமே 32 ஜிகாபைட். மணிவாரியாக எத்தனை துகள்கள் வந்தன என்று கேட்டால், அத்தனையையும் கணினி ஒருமுறை படித்தாக வேண்டும். இத்தகைய பகுப்பாய்வில் நேரம் கூட்டலில் போவதில்லை, படிப்பதில்தான் போகிறது.

இந்தப் படிப்பை விரைவாக்க உதவுவது வரைகலைச் செயலி (ஜிபியு), அதாவது பல சிறு அலகுகள் ஒரே நேரத்தில் கணக்கிடும் சில்லு. இன்விடியா நிறுவனத்தின் ஏ100 வரைகலைச் செயலியில் 6,912 கணக்கிடும் அலகுகள் உள்ளன. ஆனால் தரவுத்தளத்துக்கு அவற்றைவிட உதவுவது, நொடிக்கு ஏறக்குறைய 2 டெராபைட் படிக்கக்கூடிய அதன் சொந்த நினைவகம். 32 ஜிகாபைட்டை அது நொடியின் அறுபதில் ஒரு பங்கில் படித்துவிடும். எட்டுத் தடங்களில் டிடிஆர்4 வகை நினைவகம் பூட்டிய சர்வரில், அதே அளவைப் படிக்க மையச் செயலிக்கு (சிபியு) நொடியில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். ஏறக்குறையப் பத்து மடங்கு வேறுபாடு.

இந்தப் பத்து மடங்கை நம்பிப் பணம் செலவிடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வரின் நினைவகத்திலிருந்து வரைகலைச் செயலிக்குத் தரவு போகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, நான்காம் தலைமுறையில், ஒரு திசையில் நொடிக்கு 32 ஜிகாபைட்டுக்கு மேல் கடத்தாது. மேட்டுப்பாளையத்தில் எத்தனை லாரிகள் காத்திருந்தாலும், குன்னூர் மலைப்பாதை கொள்ளும் அளவுக்குத்தானே சரக்கு மேலே வந்து சேரும்? ஒவ்வொரு கேள்விக்கும் தரவைப் புதிதாக ஏற்றினால் ஏற்றுவதற்கே ஒரு நொடி ஆகும். அதற்குள் மையச் செயலி அதே கேள்விக்கு ஐந்தாறு முறை விடை சொல்லியிருக்கும்.

ஆகையால், அடிக்கடி கேட்கப்படும் நெடுவரிசைகளை மட்டும் சுருக்கி, வரைகலைச் செயலியின் நினைவகத்திலேயே நிலையாக வைத்திருப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. மேப்-டி என்ற பெயரில் தொடங்கி பின்னர் ஹெவி.ஏஐ எனப் பெயர் மாறிய தரவுத்தளம் இவ்வழியில் அமைந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குப் பிஜி-ஸ்ட்ராம் என்ற கூடுதல் நிரல் உண்டு. அது எஸ்எஸ்டி வட்டிலிருந்து, சர்வர் நினைவகம் வழியாகச் சுற்றாமல், நேரே வரைகலைச் செயலிக்குத் தரவை அனுப்ப வல்லது.

ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தேடித் திருத்துவது போன்ற வேலைக்கு இவை எதுவும் தேவையில்லை. அங்கே மையச் செயலியே போதும். கோடிக்கணக்கான வரிசைகளை, ஒரே தரவின் மீது திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு ஆராய்பவர்கள், முதலில் தங்கள் கேள்விகள் தொடும் நெடுவரிசைகளின் மொத்த அளவைக் கணக்கிட்டு, அது வாங்கவிருக்கும் வரைகலைச் செயலி அட்டையின் நினைவகத்துக்குள் அடங்குமா என்று பார்க்கவும். வணக்கம்.