பாட்டுல திக்காத பிள்ளைக்குப் பேச்சுல மட்டும் ஏன் திக்குது?

(திரையில்: திருக்கோலக்கா கோயில் வாசல். பின்னணியில் தாளச் சத்தம்.)

சீர்காழிக்குப் பக்கத்துலயே இருக்கு திருக்கோலக்கா. குழந்தை சம்பந்தர் கையால தாளம் போட்டுப் பாட, பிஞ்சுக் கை நோகுமேன்னு சிவன் பொற்றாளம் கொடுத்தார். அதுக்கு ஓசை கொடுத்தவ அம்பாள்னு தலபுராணம். பேரே ஓசை கொடுத்த நாயகி! பேச்சு சரியா வரணும்னு பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து வேண்டிக்கிறாங்க. தாராளமா வேண்டிக்குங்க. ஆனா அந்தக் கதையில வர்ற தாளம் இருக்கே, ஆஸ்திரேலியாவுல அதை ஒரு சிகிச்சையாவே வச்சிருக்காங்க.

அதுக்கு முன்னாடி வேகமா ஒரு பின்னணி. திக்குறது பெரும்பாலும் 2 முதல் 5 வயசுக்குள்ள தொடங்கும். மூளை பேச்சை ஒருங்கிணைக்கிற விதத்துல இருக்கிற வித்தியாசம் அது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பயந்ததால வரல, நீங்க திட்டினதாலயும் வரல. நாக்குல கோளாறு இல்ல, அதனால வசம்பு தேய்க்க வேண்டாம். வாயில கூழாங்கல் போடவே போடாதீங்க, தொண்டையில சிக்கிடும். பின்னணி முடிஞ்சுது.

இப்ப தாளம். தனியா "உள்ளேன் ஐயா" சொல்லத் திணறுற பிள்ளை, வகுப்பே சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது சரளமா சொல்லும். அடுத்த அசையை எப்பத் தொடங்கணும்னு வெளியில இருந்து வர்ற தாளம் காட்டிக் கொடுத்துடுதுன்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. சிட்னியில உருவான வெஸ்ட்மீட் முறை இதைத்தான் பிடிச்சுக்கிட்டுது.

(திரையில் அசை அசையாக: நான் – கும் – ப – கோ – ணம் – போ – றேன்)

ஏழு அசை, ஏழு தட்டு. தட்டு கையால இல்ல, குரல்லயே. குறிலோ நெடிலோ, ஆளுக்கு ஒண்ணு. தமிழ் ஐயா காதுல விழாமப் பாத்துக்குங்க! அம்மாவோ அப்பாவோ கூட உக்காந்து, நாளைக்கு 4 முதல் 6 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 முதல் 10 நிமிஷம் இப்படிப் பேசணும். பாடப் புத்தகம் வேண்டாம். "இன்-னிக்-கு-என்-ன-கு-ழம்-பு?" போதும்.

கெட்டுப் போறது மூணு இடத்துல. ஜவ்வா இழுத்தா பிள்ளைக்குச் சலிச்சுடும். வழக்கமான வேகத்துக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். தொடையில தட்டிக்கிட்டே பேசப் பழக்கினா, கொஞ்ச நாள்ல தட்டோட பலன் போயிடும், தட்டுற பழக்கம் மட்டும் ஒட்டிக்கும். மூணாவதுதான் மோசம்: திக்கும்போது மட்டும் "தாளத்துல சொல்லு"ன்னா அது தண்டனை ஆயிடும்.

6 வயசுக்குள்ள இருந்தா லிட்கோம்ப் முறையும் உண்டு, அதுவும் சிட்னிதான். தினம் 10, 15 நிமிஷம் விளையாட்டுப் பேச்சு. சரளமா வந்த வாக்கியத்தை "அட, வழுக்கிட்டு வந்துச்சே!"ன்னு பாராட்டணும். அஞ்சு பாராட்டுக்கு அப்புறம்தான் "அது கொஞ்சம் முட்டுச்சு"ன்னு ஒரு தடவை சொல்லலாம். ராத்திரி அன்னிக்குப் பேச்சுக்கு 0 முதல் 9 வரை ஒரு எண் குறிச்சு வைங்க. 0ன்னா திக்கவே இல்ல. ரெண்டு முறையுமே பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட நேர்ல கத்துக்கிட்டுத்தான் செய்யணும். என் வீடியோ பத்தாது!

நிறைய பிள்ளைகளுக்குத் தானாவே சரியாகும், உண்மைதான். ஆனா வீட்டுல வேற யாருக்காவது இருந்தா, ஆறு மாசத்துக்கு மேல நீடிச்சா, கண்ணை இறுக்கி முகம் சிவக்கத் திணறினா காத்திருக்காதீங்க. அரசு மருத்துவமனையில மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் (பிள்ளைகளோட வளர்ச்சிக் குறைபாடுகளைப் பாக்கிற இடம்) எங்கன்னு கேளுங்க, தஞ்சாவூரோ நாகப்பட்டினமோ.

பெரிய பிள்ளைன்னா ஆசிரியர்கிட்ட ஒண்ணு சொல்லி வைங்க. வாசிப்பை வரிசையா கேக்காம, ரெண்டு பேரைச் சேத்து வாசிக்கச் சொல்லட்டும். தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கிறதுலதான் பிள்ளைக்குப் பாதி திக்கல். உங்க ஊர்ப் பள்ளியில எப்படி? கமெண்ட்ல சொல்லுங்க.