‘செலவு’ ஏன் ‘சலெவு’ ஆனது? ஆபீஸ் நேரத்தில் ஓப்பன் சோர்ஸ்: மேனேஜரிடம் கேட்பது எப்படி

[திரையில்: ஒரு பில்லின் பிடிஎஃப், தலைப்பு வரி மட்டும் பெரிதாக]

இந்த பில்லில் மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். ‘செலவு’ என்று இருக்க வேண்டும், ‘சலெவு’ என்று இருக்கிறது. கொம்பு ச-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றதால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் பயன்படுத்திய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் (யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ரெடிமேட் புரோகிராம்), டேபிள் தலைப்பில் மட்டும் இந்தக் கோளாறு. பதினோரு வரியில் சரி செய்து, எங்கள் காப்பியில் மட்டும் போட்டுக்கொண்டு அடுத்த டிக்கெட்டுக்கு, அதாவது அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அப்புறம்தான் வினை. லைப்ரரி புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அதே ஃபைல் மாறியிருக்கும், என் திருத்தம் (பேட்ச்) ஒட்டாது, ஒன்றரை நாள் அதோடு போராட வேண்டியிருக்கும்.

சரி, இதை அவர்களுக்கே அனுப்பிவிடலாம் என்று மேனேஜரிடம் போனேன். “சார், இவ்வளவு இலவசமாக எடுத்துக்கொள்கிறோம், கொஞ்சமாவது திருப்பித் தர வேண்டாமா?” என்று கேட்டேன். “நல்ல விஷயம்தான், சனி ஞாயிறில் செய்யுங்களேன்” என்றார். அவர் மேல் தப்பில்லை. கோயில் நன்கொடை மாதிரி கேட்டால் அதற்கான பதில்தான் வரும்.

இரண்டாவது முறை வேறு மாதிரி போனேன். எங்கள் வேலைப் பட்டியல் இருக்கும் ஜிராவில் பழைய டிக்கெட்டுகளைத் தோண்டினேன்: ஒரு வருஷத்தில் நாலு அப்கிரேட், இந்த ஒரு பேட்சுக்கு மட்டும் ஆறு நாள். லைப்ரரிக்காரர்களுக்கு அனுப்பி, அதிலேயே சேர (மெர்ஜ் ஆக) இரண்டு நாள் போதும். இதை அரைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: “எப்போ ஆரம்பிக்கிறீங்க?”

உங்கள் டீமிலும் இப்படி ஒரு பேட்ச் கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

[திரையில்: மார்ச் 2024]

“நம் வேலையை விட்டுவிட்டு ஏன் அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கு எக்ஸ்இசட் கதையைச் சொல்லுங்கள். ஏகப்பட்ட லினக்ஸ் கணினிகளில் இருக்கிற சுருக்கும் கருவி அது. பராமரித்தவர் சம்பளமில்லாமல் சொந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு உள்ளே பின்கதவு (யாருக்கும் தெரியாமல் நுழையும் வழி) வைத்தார். அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்ட் சம்பளத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர். தூரத்திலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவது ஏன் என்று குடைந்து பார்த்தார், அவ்வளவுதான். இப்படிக் குடைகிற ஆள் உங்கள் டீமில் இருப்பதன் மதிப்பு என்ன என்று மேனேஜரிடமே கேளுங்கள்.

அடுத்தது சட்டம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். இந்தியாவில் 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலையின் பகுதியாக நீங்கள் எழுதியதற்கு முதல் உரிமையாளர் கம்பெனிதான். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள் அதைவிடக் கெடுபிடியாகவும் இருக்கலாம், எடுத்துப் படியுங்கள். ராத்திரி சொந்த லேப்டாப்பில் எழுதினேன் என்பதால் மட்டும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். எந்த ப்ராஜெக்ட், எந்த லைசென்ஸ், வெளியே போகும் முன் யார் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் எழுதி மெயிலில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி, மேனேஜர் மாறினால் அவரோடு போய்விடும். சில ப்ராஜெக்ட்கள் கம்பெனியின் கையெழுத்தோடு பங்களிப்பாளர் ஒப்பந்தமும் கேட்கும். அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பில் கம்பெனிகளுக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது.

எவ்வளவு நேரம் கேட்பது? வாரத்தில் ஒரு முழு நாள் வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள், பயந்துவிடுவார்கள். மூன்று மாதம், வெள்ளி மதியம் இரண்டு மணி நேரம். அதையும் ஸ்பிரின்டில் (டீமின் வேலைத் திட்டத்தில்) டிக்கெட்டாகப் போடுங்கள்; இல்லையென்றால் ரிலீஸ் வாரத்தில் முதலில் காணாமல் போவது இதுதான் (எனக்கு இரண்டு முறை போனது).

[திரையில்: மெர்ஜ் ஆன புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிய கோரிக்கை]

எங்கள் பேட்சைப் பார்த்த மெயின்டெய்னருக்கு (லைப்ரரியைப் பராமரிப்பவர்) தமிழ் தெரியாது. “சரியாக இருக்கிறதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது, ஒரு டெஸ்ட் எழுதித் தாருங்கள்” என்றார். எழுதினேன். அந்த லைப்ரரியில் யார் எதை மாற்றினாலும், ‘செலவு’ என்ற சொல் ஒழுங்காக வருகிறதா என்று இப்போது தானாகவே ஒரு முறை சரிபார்க்கப்படுகிறது. அடுத்த அப்கிரேட் எங்களுக்கு இருபது நிமிஷத்தில் முடிந்தது.