ஆறு வயசுப் பிள்ளைக்குச் சரியாக வருமா?

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் கத்துகிறேன். கடைக்காரன் தொண்டைதான், தாங்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "ஆன்லைன் வியாபாரத்துக்கு லாபகரமான நிஷ் எது?" என்பது. வியாபாரத்தில் நிஷ் என்றால், எல்லாருக்கும் விற்காமல் குறிப்பிட்ட சிலரின் தேவையை மட்டும் பார்த்து விற்கிற சின்ன இடம். இந்த நிஷ் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சிலையோ விளக்கோ வைப்பதற்காகச் சுவரில் விடுகிற குழி என்று பொருள். நம் பழைய வீடுகளில் வாசல் பக்கத்துச் சுவரில் அகல் வைக்க இருக்குமே, மாடக்குழி, அதேதான். முற்றத்தில் வைத்த விளக்கு ஒரு காற்றுக்கு அணைந்துவிடும், மாடத்தில் இருப்பது நின்று எரியும். ஆனால் மாடத்துக்குள் குத்துவிளக்கை ஏற்றி வைக்க முடியாது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் 2019-ல் செல்போன் உறையில்தான் ஆரம்பித்தேன். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எல்லாப் போனுக்கும் உறை வேண்டும், அப்படியென்றால் எல்லாரும் என் வாடிக்கையாளர். என் ஆராய்ச்சி இவ்வளவுதான். கணக்கைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். உறையின் கொள்முதல் 70 ரூபாய், விற்ற விலை 199. ஆகா, 129 ரூபாய் லாபம் என்று நானும் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூரியருக்கு 60, கவர் டேப்புக்கு 10, ஒரு ஆர்டர் வர விளம்பரத்துக்குச் சராசரியாக 80. எல்லாம் கூட்டினால் 220. அதாவது ஒவ்வொரு உறையோடும் 21 ரூபாயை நானே வைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பொட்டலத்தின் கணக்கு. கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு, டெலிவரித் தம்பி வாசலில் நிற்கும்போது "நான் ஆர்டரே போடவில்லை" என்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் திருப்பி அனுப்பியதற்குப் போன கூலி, வந்த கூலி இரண்டும் என் தலையில். இதற்கு மேல் மாடல் தொல்லை வேறு. ஒரு போன் கம்பெனி வருஷத்துக்குப் பத்து மாடல் விட்டால் நானும் பத்து உறை வாங்கி அடுக்க வேண்டும். வீட்டுப் பரணில் இன்னும் 300 உறை கிடக்கிறது. அந்தப் போன்கள்தான் இப்போது யாரிடமும் இல்லை.

அப்போது எனக்குத் தெரியாதது ஒன்று. எல்லாருக்கும் தேவைப்படுகிற பொருள் என்றால், அதை விற்க ஏற்கெனவே பெரிய ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாங்குகிற விலைக்கு எனக்குக் கிடைக்காது, அவர்கள் கொடுக்கிற கூரியர் கூலியும் எனக்கு வாய்க்காது. நான் அவர்களைவிடக் கூடுதலாக அறிந்தது ஏதாவது உண்டா என்று பார்த்தால், செல்போன் உறையில் அறிய என்ன இருக்கிறது?

சரி, அப்புறம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் அக்கா மகள் ஓசூரில் பரதநாட்டியம் படிக்கிறாள், அப்போது ஆறு வயது. பள்ளி ஆண்டுவிழாவுக்காக அக்கா ஆன்லைனில் ஒரு டான்ஸ் செட் வாங்கியிருக்கிறாள். நெத்திச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, ஒட்டியாணம், வங்கி என்று எல்லாமே அழகாகத்தான் இருந்ததாம். மேலே "ஃப்ரீ சைஸ்" என்று எழுதியிருந்தது. பிள்ளைக்கு மாட்டினால் நெத்திச்சுட்டி புருவத்தைத் தாண்டி மூக்குக்கு வருகிறது, ஒட்டியாணத்தை ஊக்குக் குத்திப் பாதியாக மடக்க வேண்டியிருக்கிறது. ஆடும்போது ராக்கொடி கழன்று விழுந்து, பிள்ளை குனிந்து எடுக்கப்போய், தாளம் தப்பி, மேடையிலேயே அழுதுவிட்டது. அக்கா எனக்குப் போன் பண்ணி, "நீ வடசேரிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாய், பிள்ளை அளவுக்கு ஒன்று வாங்கி அனுப்பினால் என்னடா?" என்று திட்டினாள்.

வடசேரியைப் பற்றி நாகர்கோவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாமிக்குச் சாத்துகிற நகை, நாட்டியக்காரர்கள் போடுகிற நகை, தலைமுறை தலைமுறையாக இங்கே செய்வது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அசல் என்பது வெள்ளியில் கெம்புக்கல் பதித்துத் தங்கத் தகடு ஒட்டிச் செய்வது, அதன் விலை வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது கவரிங் செட். அதை வாங்கத்தான் அன்றைக்குப் போனேன். கடைக்காரர் சொன்னார்: "சின்னப் பிள்ளை அளவு தனியாக வைப்பதில்லை தம்பி, கேட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேர். நாலு பேருக்காக எவன் சரக்கைப் போட்டு முடக்குவான்?"

அவர் சொன்னது அவர் கடைக்கு நூற்றுக்கு நூறு சரி. தெருவில் இருக்கிற கடைக்கு நாலு பேர் போதாது. ஆனால் ஓசூரில் நாலு, திருச்சியில் நாலு, பெங்களூரில் நாற்பது, டொராண்டோவில் பத்து என்று சேர்த்தால் ஒரு ஆளுக்குப் போதும். இணையத்தில் விற்பதன் பலனே இந்தச் சிதறிக் கிடக்கிறவர்களை ஒரே வாசலுக்கு வரவழைப்பதுதான். ஜெஃப் பெசோஸ் 1994-ல் அமேசானைத் தொடங்கும்போது இருபது வகைப் பொருட்களைப் பட்டியல் போட்டு, கடைசியில் புத்தகத்தைப் பிடித்தார். அச்சில் இருக்கிற புத்தகங்கள் உலகத்தில் முப்பது லட்சத்துக்கு மேல், எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் அத்தனையையும் அடுக்க முடியாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஆகவே நீங்களும் முதலில் கேட்க வேண்டியது, பக்கத்துத் தெருக் கடைக்காரர் எதைக் கட்டுப்படியாகாது என்று சொல்லி வைக்காமல் விட்டிருக்கிறார் என்பதை.

உடனே நான் ஓடிப்போய் சரக்கு வாங்கிக் குவித்துவிடவில்லை, பரணைப் பார்த்தாலே புத்தி வந்துவிடும். ஜாப்போஸ் என்று ஒரு செருப்புக் கடை உண்டு, பின்னாளில் அமேசானே அதை வாங்கியது. அதை 1999-ல் ஆரம்பித்த நிக் ஸ்வின்மர்னிடம் சரக்கே கிடையாது. ஊரில் இருந்த ஷூ கடைக்குப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். யாராவது ஆர்டர் போட்டால் அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். ஒரு ரூபாய் லாபம் இல்லை. பார்க்காத ஷூவைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தது, அதுதான் வரும்படி. நானும் கடைக்காரரிடம் கேட்டு, சின்ன அளவில் ஒரே ஒரு செட் செய்யச் சொல்லி, அக்கா மகளுக்குப் போட்டுப் படம் எடுத்தேன். "5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு, இடுப்பளவும் தலைச் சுற்றளவும் அனுப்புங்கள்" என்று எழுதி வாட்ஸ்அப் எண்ணைப் போட்டேன். முதல் மாதம் வந்தது 11 ஆர்டர். அந்த 11 பேரில் ஒன்பது பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஆறு வயசுப் பிள்ளைக்குச் சரியாக வருமா?" வயது மட்டும் ஐந்து, ஏழு என்று மாறும். ஒருவர்கூட விலையைக் குறையுங்கள் என்று தொடங்கவில்லை.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எந்தப் பொருள் ஓடும் என்று தேடாதீர்கள், எந்தக் கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று தேடுங்கள். பெரிய தளங்களில் உங்கள் பொருளைத் தேடி, ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியிருப்பதை மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து படியுங்கள். ஐந்து நட்சத்திரக்காரர்கள் "சூப்பர்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள், அதனால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. திட்டுகிறவர்கள்தான் அளவு, நிறம், பேக்கிங், எந்த நாளுக்கு வந்தது என்று விவரமாக எழுதுவார்கள். ஒரே புகார் இருபது இடத்தில் இருந்தால் அங்கே ஒரு மாடக்குழி இருக்கிறது. ஒரு சொல்லை மக்கள் கூகுளில் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டுகிற கூகுள் டிரெண்ட்ஸையும் பாருங்கள், காசு கேட்காது. ஆனால் அதில் 100 என்று காட்டினால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துக்குள் உச்சமாக இருந்த நாளை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பிட்டுக் காட்டுவது அது. எத்தனை பேர் என்பதற்கு அதை நம்பாதீர்கள், எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் படுக்கிறது என்பதற்குப் பாருங்கள். எனக்கு விஜயதசமியில் வகுப்பில் சேர்க்கிறவர்கள், அப்புறம் ஆண்டுவிழா, சலங்கை பூஜை என்று ஓடும். மார்ச், ஏப்ரலில் பரீட்சை, ஈ ஓட்டுவேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏப்ரலில் ஆரம்பித்திருந்தால் மே மாதமே கடையைச் சாத்தியிருப்பேன்.

போட்டியே இல்லாத பொருளாகப் பார்த்து ஆரம்பிக்கிறேன் என்று சிலர் வருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருத்தர்கூட விற்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒருத்தரும் வாங்குவதில்லை. விற்கிறவர்கள் இருக்க வேண்டும், வாங்கினவர்கள் முணுமுணுக்கவும் வேண்டும்.

இப்போது இந்தக் கணக்கு. ஒரு செட் விலை 1,900. கொள்முதல் 1,050, கூரியர் 120, பபிள் ராப் பெட்டி எல்லாம் 60, பணம் வாங்கித் தரும் கேட்வேக்கு 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்துச் சுமார் 45, விளம்பரம் 150. மொத்தம் 1,425, மிச்சம் 475. மாதம் 40 செட் போனால் 19,000. இதைக் கேட்டதும் முன்வரிசையில் ஒரு தம்பி முகம் வாடுகிறது, கவனித்தேன். கோடி என்று சொல்ல வேண்டுமானால் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும் தம்பி. ஆனால் ஒன்று பார், பிள்ளை வளரும். போன வருஷம் வாங்கின அம்மா அடுத்த அளவுக்கு என்னிடம்தான் வருவார், அந்த ஆர்டருக்கு விளம்பரச் செலவு 150 கிடையாது. பிள்ளையின் டான்ஸ் டீச்சர் மற்ற அம்மாக்களிடம் என் எண்ணைக் கொடுப்பார். செல்போன் உறை வாங்கினவர் என் பெயரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கூரியர் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் அடிபடுவது எடையில். பொட்டலத்தின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணையும் தராசு காட்டுகிற எடையையும் வைத்துப் பார்த்து, எது கூடுதலோ அதற்குத்தான் கூலி. எனக்குத் தெரிந்த ஒருவர் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை விற்க ஆசைப்பட்டார். ஒரு கிலோகூட வராத பொம்மை, உடையாமல் போக வைக்கோலும் தாளும் திணித்துப் பெட்டி மூன்று பக்கமும் 30 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் 5.4 கிலோ. பொம்மை தலையாட்டுவதற்கு முன்னால் அவர் ஆட்டிவிட்டார், வேண்டாம் என்று. அதனால் பெயரும் லோகோவும் யோசிப்பதற்கு முன்னால் ஒரு பெட்டியை அளந்து பாருங்கள். தின்பண்டம் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவையும், எத்தனை நாள் கெடாது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஆர்டர் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். ஏற்றுமதிக்கு ஐஇசி என்கிற இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய், அது பெரிய காரியமில்லை. பயம் வேறு இடத்தில். அமெரிக்காவில் 800 டாலருக்குள் இருக்கிற பொட்டலத்துக்குச் சுங்கம் கிடையாது என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாட்டுக்கும் நின்றுபோனது. அதற்கு நாலு நாள் முன்னாலேயே நம் அஞ்சல்துறை அங்கே போகிற பார்சல்களில் பெரும்பாலானவற்றை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி எடுத்தது. அரங்கேற்றத் தேதி நமக்காகக் காத்திருக்காது, நகை வராமல் பிள்ளை எப்படி மேடை ஏறும்? அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஏழு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதில் மட்டும் கடை விரித்தவர்களுக்கும் இதே கதிதான், அதுவும் ஒரே ராத்திரியில். அதனால் வாடிக்கையாளர் எண் என் நோட்டில் இருக்கிறது. ஆமாம், நோட்டில்தான், பேனாவால்.

யாரோ கை தூக்குகிறார்கள். சொல்லுங்கள் அக்கா. ... கல்சட்டி விற்கலாமா என்று கேட்கிறார். வீட்டுக்காரரின் தம்பி மாக்கல் சட்டி வாங்கி விற்கிறவராம்.

அக்கா, சட்டி கனம், கூரியர் கூலி கூடும். கீழே போட்டால் உடையும். இரண்டும் உங்களுக்கு எதிர். ஆனால் வாங்குகிறவர்களுக்கு என்ன பயம் என்று கேட்டுப் பாருங்கள், "அடுப்பில் வைத்தால் விரிசல் விடுமா" என்பதுதான். புதுச் சட்டியை அடுப்புச் சூட்டுக்குப் பழக்கத் தெரியாது, மாமியாரைக் கேட்டால் ஒரு மாதிரி, வீடியோவைப் பார்த்தால் வேறு மாதிரி. நீங்கள் எப்படிப் பழக்குவீர்கள்? ... கேட்டீர்களா, மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிக் காயவைத்து, அப்புறம் தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி வைத்து, பத்து நாள் கழித்துத்தான் சிறு தீயில் ஏற்றுவாராம். சொல்வதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை பாருங்கள். அந்தப் பத்து நாளை நீங்களே பண்ணி, இன்றைக்கே குழம்பு வைக்கலாம் என்று எழுதி அனுப்பினால் அது வேறு பொருள், விலையும் வேறு. வீட்டில் இப்போது எத்தனை சட்டி இருக்கிறது? ... எட்டா? சரி. எட்டையும் பழக்குங்கள். ஒன்றைப் பெட்டியில் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து நாலு தடவை சிமெண்ட் தரையில் போடுங்கள். சட்டியைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், கூரியர் வண்டியில் அதைவிட மோசமாகத்தான் போடுவார்கள். உடைந்தால் பெட்டியை மாற்றுங்கள். உடையாத அன்றைக்கு எனக்கு ஒரு போன் போடுங்கள், முதல் சட்டியை நானே வாங்கிக்கொள்கிறேன்.