சாம்சங்கா ஐபோனா, தட்டிக் காசு கட்ட எது சேஃப்? ஜோபர்க் தம்பி கேட்ட கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. தென்னாப்பிரிக்காவுல ஜோபர்க் பக்கம் இருக்கிற மிட்ராண்ட்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட்டா அனுப்பியிருக்காரு, ரொம்ப நீளம், அதுல பாதி அவரு மச்சானைத் திட்டுறதுதான், அதை விட்டுடுவோம். கேள்வி என்னன்னா, "அண்ணா நான் காலேஜ்ல இருந்தே சாம்சங் தான், மாறினதே இல்ல. இப்ப புது போன் எடுக்கணும். மச்சான் ஐபோன் எடுங்கிறான், ஆண்ட்ராய்டு போனைக் கடை மெஷின்ல தட்டிக் காசு கட்டினா அக்கவுன்ட் காலியாயிடும், ஐபோன் மட்டும்தான் சேஃப்ங்கிறான். உண்மையிலேயே எது தரம்? 36 மாச கான்ட்ராக்ட்ல எடுக்கலாமா?" அப்படின்னு கேக்குறாரு.

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்களும் மச்சானும் சண்டை போடறது ரெண்டு கம்பெனிக்காக, அந்த ரெண்டு கம்பெனியும் உங்களுக்காகச் சண்டை போடல. மச்சான் கையில இருக்கிற ஐபோன் ஸ்கிரீன் சாம்சங் டிஸ்ப்ளே கம்பெனி செஞ்சதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, 2017ல ஐபோன் டென் வந்ததுல இருந்தே ஆப்பிள் அவங்ககிட்ட ஓலெட் பேனல் வாங்குது. கேமரா சென்சார் சோனி. போனை அசெம்பிள் பண்றது எங்க, நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்துல பாக்ஸ்கான்லயும் பண்றாங்க. அவங்களுக்குள்ள வியாபாரம் நல்லாத்தான் போயிட்டு இருக்கு, நீங்க ரெண்டு பேரு சனிக்கிழமை ப்ராய்னு நெருப்புல கறியைப் போட்டு அது கருகுற வரைக்கும் கத்திக்கிட்டு இருக்கீங்க.

பிராண்ட் விசுவாசம்னு சொல்றோம்ல, இந்த ஊர்லயே அதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. 2011, 12 வாக்குல இங்க இருந்தவங்களைக் கேளுங்க, டர்பன்ல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ்ல இருந்து ஜோபர்க் வரைக்கும் பசங்க கையில எல்லாம் பிளாக்பெர்ரி. பிபிஎம்ங்கிற பிளாக்பெர்ரி மெசேஜ் ஆப்ல சேர்க்க உன் பின் நம்பர் கொடுன்னு கேக்குறதுதான் அப்ப ஃபேஷன். ஏன் அவ்வளவு பிடிச்சது? கீபோர்டுக்காகன்னு நினைச்சா அது கால்வாசிதான் உண்மை. மாசம் ஏறக்குறைய 60 ரேண்ட் கட்டினா போதும், பிஐஎஸ்னு சொல்ற அந்த பிளாக்பெர்ரி இன்டர்நெட் எவ்வளவு வேணா ஓடும். டேட்டா அநியாய விலை வித்த காலத்துல அது பெரிய விஷயம். அப்புறம் வாட்ஸப் எல்லா போன்லயும் வந்துச்சு, விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு வந்துச்சு, உயிரே பிளாக்பெர்ரின்னு சொன்னவங்க எல்லாம் கொஞ்ச வருஷத்துல காணாமப் போயிட்டாங்க. அப்ப அவங்க விசுவாசம் பிளாக்பெர்ரி மேல இல்ல, அந்த 60 ரேண்ட் மேலயும் கூட்டாளிங்க எல்லாம் பிபிஎம்ல இருந்ததுலயும்தான் இருந்துச்சு. உங்களையும் அப்படிக் கேட்டுப் பாருங்க, சாம்சங் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கா, இல்ல அதுல பழகின கைப்பழக்கமும் உள்ள கிடக்குற போட்டோவும் பிடிச்சு வெச்சிருக்கா? அமெரிக்காவுல ஐமெசேஜ்ங்கிற ஆப்பிள் மெசேஜ்ல வர்ற நீலக் கலர் பப்பிளுக்காக ஐபோன் வாங்குற பசங்க இருக்காங்க, இங்க எல்லாரும் வாட்ஸப், அந்தக் கட்டாயமும் உங்களுக்குக் கிடையாது.

தரம்னு வந்தா ரெண்டு பேரும் யோக்கியம் இல்ல. 2016ல நோட் 7 தீப்பிடிச்சு, பேட்டரி கோளாறுன்னு திருப்பி வாங்கி, மாத்திக் கொடுத்ததும் தீப்பிடிச்சு, ரெண்டே மாசத்துல அந்த மாடலையே நிறுத்தினது சாம்சங். 2017 டிசம்பர்ல, ஆமாங்க பழைய பேட்டரி உள்ள ஐபோனோட வேகத்தை நாங்கதான் அப்டேட்ல குறைச்சோம்னு ஒத்துக்கிட்டது ஆப்பிள், மறு வருஷம் முழுக்க பேட்டரி மாத்துற விலையை 79 டாலர்ல இருந்து 29க்கு இறக்கி வெச்சாங்க. இதுல எதைக் கையில எடுத்துக்கிட்டு மச்சானை அடிக்கப் போறீங்க?

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். தட்டிக் காசு கட்டுறது. இங்க ஆண்ட்ராய்டுக்காரங்கதான் முதல்ல தட்டினாங்க, சாம்சங் பே 2018 ஆகஸ்ட்ல வந்துச்சு, ஆப்பிள் பே 2021 மார்ச் கடைசியில, கூகுள் வாலட் 2022ல. மூணுலயும் அடிப்படை ஒண்ணுதான். நீங்க கார்டைப் போன்ல சேர்க்கும்போது விசாவோ மாஸ்டர்கார்டோ உங்க உண்மையான கார்டு நம்பருக்கு பதிலா வேற ஒரு நம்பர் கொடுக்குது, டோக்கன்னு சொல்லுவாங்க. கடையில ஸ்பீட்பாயிண்ட்னு சொல்ற கார்டு மெஷின்ல தட்டும்போது போறது அந்த டோக்கனும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுற ஒரு ரகசியக் கோடும். அதை ஒருத்தன் நடுவுல திருடினாலும் அடுத்த தடவைக்கு உதவாது. கடைக்காரனுக்கு உங்க கார்டு நம்பர் தெரியவே தெரியாது. ஆப்பிள் அந்த டோக்கனைப் போனுக்குள்ள தனியா ஒரு சிப்ல வெச்சுப் பூட்டுது, கூகுள் வாலட் அந்த வேலையை சாஃப்ட்வேர்ல பண்ணுது, கொஞ்ச தடவைக்கு மட்டும் செல்லுற சாவிகளை சர்வர்ல இருந்து வாங்கி வெச்சுக்கும், ஸ்கிரீன் லாக் இல்லாட்டி கார்டைச் சேர்க்கவே விடாது, ரூட் பண்ணின, அதாவது உள்பூட்டை உடைச்சு மாத்தின போனா இருந்தா கட்டவும் விடாது. முறை வேற, ஆனா ஆண்ட்ராய்டுன்னா அக்கவுன்ட் காலின்னு மச்சான் சொல்றது சும்மா. சொல்லப்போனா பிளாஸ்டிக் கார்டை நீட்டுறதை விட ரெண்டுமே மேல், கார்டு கீழ விழுந்தா எடுத்தவன் சின்னத் தொகைக்கு பின் இல்லாமலே தட்டிட்டுப் போவான், போன்ல பெரும்பாலும் விரலோ முகமோ லாக் பின்னோ வேணும்.

ஆனா ஒண்ணு. போன் பர்ஸ் ஆயிடுச்சுல்ல, அப்ப தரம்னா என்னங்கிறதே மாறிடுச்சு. முன்னாடி கேமரா எத்தனை மெகாபிக்சல், ரேம் எவ்வளவுன்னு பாத்தோம். இப்ப நான் யாரு கேட்டாலும் சொல்றது, இந்தப் போனுக்கு செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்னு பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் இல்லாத போன்ல பேங்க் ஆப்பை வெச்சிருக்கிறது எனக்கு சரியாப் படல, பேங்க் ஆப்பே ஒரு கட்டத்துல பழைய ஆண்ட்ராய்டுல ஓட மாட்டேன்னு நின்னுடும். சாம்சங் எஸ்24ல இருந்து, அதாவது 2024 ஜனவரியில இருந்து, அந்த வரிசைக்கு 7 வருஷம் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. விலை கம்மியான ஏ16க்கே 6 வருஷம். ஆப்பிள் பெட்டி மேல கணக்கு எழுதறதில்ல, ஆனா 2013ல வந்த ஐபோன் 5எஸ்க்கு 2023 ஜனவரியில ஒரு செக்யூரிட்டி அப்டேட் விட்டாங்க, அதுல அவங்க பேரு நல்ல பேருதான். ஆனா பாருங்க, ஒரே சாம்சங் பேர்ல 7 வருஷப் போனும் இருக்கு, பழைய ஸ்டாக்கா இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி இருக்கிற போனும் கடையில பக்கத்துப் பக்கத்துல அடுக்கியிருக்கும். அதனாலதான் சொல்றேன், பிராண்டைப் பாத்து வாங்காதீங்க, மாடலைப் பாருங்க, அது எந்த வருஷம் வந்த மாடல்னு பாருங்க.

ஹுவாவே பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இந்த நாட்டுல அந்த போன் நிறைய பேர் வெச்சிருக்காங்க. போன் செய்யிறதுல அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், பேட்டரியும் கேமராவும் அருமை. ஆனா 2019 மே மாசம் அமெரிக்கா தடை பட்டியல்ல போட்டதுக்கு அப்புறம் வந்த பெரும்பாலான மாடல்ல கூகுள் கிடையாது, அப்ப கூகுள் வாலட்டும் கிடையாது. போன் தரமா இருந்தும் தட்ட முடியாம போச்சுன்னா அதுக்குக் காரணம் போன்ல இல்ல, வாஷிங்டன்ல எடுத்த முடிவுல இருக்கு. விசுவாசமா இருந்தவன் என்ன பண்ணுவான் சொல்லுங்க.

அடுத்து, நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு தலைவலி இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. தமிழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்தவங்க ஊர்ல அம்மாவுக்கு, கேஸ் புக்கிங்குக்கு, கோயில் காணிக்கைக்குன்னு யுபிஐ வேணும்னு நினைப்போம். வெளிநாட்டு நம்பர்லயே யுபிஐ போடலாம்னு 2023 ஜனவரியில 10 நாட்டுக்கு அறிவிச்சாங்க, சிங்கப்பூர், துபாய் இருக்கிற யுஏஇ, அமெரிக்கா எல்லாம் இருந்துச்சு, அந்தப் பத்துல தென்னாப்பிரிக்கா இல்ல. அதனால இங்க நிறைய பேரு இந்திய சிம்மை உயிரோட வெச்சு, அதே போன்ல போட்டுத்தான் ஓட்டுறாங்க, ஏன்னா யுபிஐ ஆப் பதிவு பண்ணும்போது அந்த சிம்ல இருந்தே எஸ்எம்எஸ் போகணும். அப்ப உங்களுக்கு ரெண்டு சிம் ஓடுற போன் அவசியம். ஐபோன்ல 2018 எக்ஸ்எஸ்ல இருந்து பெரும்பாலான மாடல்ல ஒரு சிம்மும், கார்டு போடாம போனுக்குள்ளயே ஏத்திக்கிற ஒரு இசிம்மும் ஓடும். ஆனா அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா பையன் வாங்கிட்டு வர்றான்னு ஆசைப்பட்டு ஐபோன் 14ஓ அதுக்கு அப்புறம் வந்ததோ வாங்கிடாதீங்க, அமெரிக்க மாடல்ல சிம் போடற ஓட்டையே இருக்காது, எல்லாம் இசிம்தான், உங்க ரெண்டு நம்பரும் இசிம்மா மாறுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, ஊர்ல இருந்து ஆண்ட்ராய்டு போன் கொண்டு வந்தவங்க இங்க பேங்க் ஆப் தேடினா சில சமயம் பிளே ஸ்டோர்ல காட்டாது, உங்க நாட்டுல கிடைக்காதுன்னு வரும், உடனே போன் டூப்ளிகேட்டோன்னு பயந்துடுவாங்க. போன்ல ஒண்ணும் இல்லப்பா, உங்க பிளே ஸ்டோர் இன்னும் இந்தியாவுல உக்காந்திருக்கு. நாடு மாத்தலாம், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவைதான் விடுவான், அதனால யோசிச்சு மாத்துங்க, இல்லாட்டி இன்னொரு கூகுள் அக்கவுன்ட் போட்டு அதுல இறக்கிக்கோங்க.

பேரு பெருசா இருந்தா எங்கயும் ஓடும்னு நினைக்கிறது பேமென்ட்லயும் பொய்யாப் போன ஊரு இது. கென்யாவுல 2007ல வந்து நாட்டையே புரட்டிப் போட்ட, போன்லயே பணம் அனுப்புற எம்-பெசாவை வோடாகாம் நெட்வொர்க் இங்க 2010ல கொண்டு வந்தாங்க, 2014ல மறுபடி ஒரு தடவை புதுசா விட்டாங்க, 2016ல மூடிட்டாங்க. இங்க நிறைய பேருகிட்ட பேங்க் கார்டு ஏற்கனவே இருந்துச்சு, சூப்பர் மார்க்கெட் கவுன்டர்லயே பணம் அனுப்பலாம், எடுக்கலாம், அப்புறம் அது எதுக்கு? நம்ம யுபிஐ மாதிரி நம்பருக்கே அனுப்புற பேஷாப் 2023 மார்ச்ல வந்திருக்கு, அது உங்க பேங்க் ஆப்புக்குள்ளயே இருக்கு, போன் என்ன பிராண்டுன்னு அது கேக்காது. மினிபஸ் டாக்சிக்கு இன்னும் சில்லறைதான், அது உங்களுக்கே தெரியும்.

நிஜமா பயப்பட வேண்டியது எதுக்குன்னா, லாக் எடுத்த நிலையில போனைப் பிடுங்கிட்டு ஓடறது, உங்க நம்பரைத் திருடன் அவன் சிம்முக்கு மாத்திக்கிற சிம் ஸ்வாப், அப்புறம் பேங்க்ல இருந்து பேசறோம்னு சொல்லி ஓடிபி கேக்குறது. இதுல ஐபோன்காரனும் மாட்டுவான் சாம்சங்காரனும் மாட்டுவான். பேங்க் ஆப்புக்குள்ள போய் ஒரு நாளைக்கு அனுப்புற லிமிட்டைக் குறைச்சு வைங்க, வீட்டு வாடகை கட்டுற அன்னிக்கு ஏத்திக்கலாம். ஐபோன்னா ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்ஷன், ஆண்ட்ராய்டுன்னா தெஃப்ட் டிடெக்ஷன் லாக், ரெண்டும் 2024ல வந்தது, பல பேரு ஆன் பண்ணாமலே வெச்சிருக்காங்க, இன்னிக்கே பண்ணுங்க. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா வர்ற ஐஎம்இஐங்கிற போனோட அடையாள நம்பரை வீட்டுல ஒரு நோட்டுல எழுதி வைங்க, போன் போச்சுன்னா நெட்வொர்க்காரன் பிளாக்லிஸ்ட் பண்ணி ஐடிசி நம்பர்னு ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் தருவான், அதை வெச்சு போலீஸ்ல கேஸ் நம்பர் வாங்கணும், இன்சூரன்ஸ்காரன் ரெண்டையும் கேப்பான்.

கான்ட்ராக்ட் கேட்டீங்க. மாசத் தொகையை 36ஆல பெருக்கி, அதே போன் ரொக்க விலையோட பக்கத்துல வெச்சுப் பாருங்க, அது போதும். அப்டேட் நிக்கிற தேதி கான்ட்ராக்ட் முடியிற தேதிக்கு முன்னாடி வருதுன்னா அந்தப் போனைத் தொடாதீங்க, செத்த போனுக்குத் தவணை கட்டிக்கிட்டு இருப்பீங்க. நடுவுல வெளிய வர்றதுக்குச் சட்டம் இருக்கு, 20 வேலை நாள் முன்னாடி எழுதிக் கொடுத்தா ரத்து பண்ணலாம், ஆனா போனோட பாக்கியை கட்டித்தான் ஆகணும். ரொக்கமோ தவணையோ, வாங்கின 6 மாசத்துக்குள்ள போன்ல கோளாறு வந்தா ரிப்பேரா, மாத்திக் கொடுக்கிறதா, காசு திருப்பறதான்னு தேர்ந்தெடுக்கிற உரிமை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்களுக்கு, கடைக்காரனுக்கு இல்ல. கடையில ரிப்பேருக்கு மட்டும்தான் அனுப்புவோம்னு சொன்னா செக்ஷன் 56னு மெதுவா சொல்லிப் பாருங்க. நீங்களே கீழ போட்டது, தண்ணியில விட்டதுக்கு அது செல்லாது.

உங்களுக்கு என் பதில், போட்டோவும் பழக்கமும் சாம்சங்லயே இருக்குன்னா சாம்சங்கே எடுங்க, 6, 7 வருஷம் அப்டேட் உள்ள மாடலா, ரெண்டு சிம்மோட. ஐபோன் எடுத்தாலும் தப்பில்ல, பழைய மாடலை ஆஃபர்னு சொல்லித் தலையில கட்டாம பாத்துக்கோங்க. மச்சானுக்கு இந்த வீடியோவை அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்.

வாய்ஸ் நோட் கடைசியில இன்னொண்ணும் கேட்டிருந்தாரு, பெட்ரோல் பங்க்ல போன்ல தட்டியும் ஸ்பீட்பாயிண்ட் பின் கேக்குதே, ஏமாத்து வேலையானு. இல்ல தம்பி, சில மெஷினும் சில பேங்கும் பெரிய தொகைன்னா பின் கேக்கும், அந்த மெஷினை உங்க கையில வாங்கி நீங்களே அழுத்துங்க, பங்க்ல வேலை பாக்குறவன் மெஷினை எடுத்துக்கிட்டு சிக்னல் இல்லன்னு உள்ள போறான்னா கார்டையும் போனையும் கொடுக்காதீங்க, கூடவே போங்க. சரி, அடுத்தது லெனேசியாவுல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க.