ராயல் ஓக் கிளையில் விழுந்த கையெழுத்து

அனைவருக்கும் வணக்கம்.

மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராயல் ஓக் பக்கம் போகாதவர்கள் இந்த டெட்ராய்ட் வட்டாரத் தமிழர்களில் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். அந்த ஊரில் இயங்கிய ஒரு சின்னச் சங்கக் கிளையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெயர் எஸ்ரா பார்க்கர் கிளை. 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற நாடு தழுவிய சங்கத்தின் கிளை அது; அமெரிக்க விடுதலைப் போரில், அதாவது புரட்சிப் போரில், பங்கெடுத்தவர்களின் வம்சத்துப் பெண்களுக்கான சங்கம். சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டு என்றதும் எல்லோரும் வாஷிங்டனையும் ஜெஃபர்சனையும் பேசுவார்கள். பேசட்டும். எனக்குக் கிளைகளின் கதைதான் பிடிக்கும். ஏனென்றால், சங்கத்தின் விதிகளை அச்சடிப்பது தலைமையகமாக இருக்கலாம், கதவைத் திறப்பதும் சாத்துவதும் உள்ளூர்க் கிளைதான்.

இந்தச் சங்கம் பிறந்ததே ஒரு கதவு சாத்தப்பட்டதால்தான். 1889இல் புரட்சிப் போர் வீரர்களின் வம்சத்து ஆண்கள் 'மகன்கள்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்களைச் சேர்க்கவில்லை. மேரி லாக்வுட் என்ற பெண்மணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. 1890 ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கு எழுதினார். அதில் அவர் எடுத்துச் சொன்னது ஹன்னா ஆர்னெட் கதை. 1776ஆம் ஆண்டுக் கடைசி. நியூ ஜெர்சியில் வாஷிங்டனின் படை பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம். சரணடைந்தால் மன்னிப்பு என்று பிரிட்டிஷ் தரப்பு அறிவித்திருந்தது. எலிசபெத்டவுனில் ஹன்னாவின் வீட்டுக் கூடத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தார்களாம். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த ஹன்னா நேரே உள்ளே வந்து, கணவர் உட்பட எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மகன்களின் சங்கத்தில் இந்த அம்மாவுக்கு எங்கே இடம் என்று கேட்டார் லாக்வுட். அந்த அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன் நகரில் மகள்கள் சங்கம் பிறந்தது. அடுத்த மார்ச்சில் சிகாகோவில் முதல் கிளை. இன்று ஏறத்தாழ 3,000 கிளைகள்.

எனக்கு ரொம்பவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சங்கம் தொடங்கியபோது போர் முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தப் போரில் துப்பாக்கி ஏந்தியவரின் சொந்த மகள்களே உயிரோடு இருந்தார்கள். கிழவர்கள் தள்ளாத வயதில் இளம் பெண்களை மணந்ததன் விளைவு. அவர்களுக்கு 'உண்மை மகள்கள்' என்று பெயர். எழுநூறுக்கும் மேற்பட்ட பாட்டிமார் அப்படிச் சேர்ந்தார்கள். சங்கம் அவர்களுக்குத் தங்கக் கரண்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. கிராமத்து வீட்டுத் திண்ணையில் சுருக்கம் விழுந்த கையில் ஒரு தங்கக் கரண்டி, அப்பா போருக்குப் போன கதை அந்த வாயில். நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

கிளைகள் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. புதர் மண்டிய இடுகாடுகளில் வீரர்களின் கல்லறைகளைத் தேடிப் பிடித்து அடையாளக் கல் நட்டார்கள். தேவாலயப் பதிவேடுகளையும் பழைய குடும்ப பைபிள்களில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்புகளையும் படியெடுத்தார்கள். 1898 ஸ்பானியப் போரின்போது ராணுவத்துக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அப்புறம், மேற்கே குடியேறப் போன தாய்மாரின் நினைவாக வைத்த அந்தச் சிலைகள். மேரிலாந்திலிருந்து கலிஃபோர்னியா வரை பழைய நெடும்பாதையில் பன்னிரண்டு மாநிலங்களில் பன்னிரண்டு சிலைகள். முதல் சிலை 1928 ஜூலை 4 அன்று ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் திறக்கப்பட்டது. இங்கிருந்து காரில் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். பீடத்தோடு 18 அடி உயரம். தலையில் துணித்தொப்பி, இடக்கையில் குழந்தை, வலக்கையில் துப்பாக்கி, பாவாடையைப் பிடித்தபடி ஒரு பையன். கீழே நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்த முரட்டு பூட்ஸ்தான். நடந்து நடந்து தேய்ந்த கால் என்று தோன்றும்.

இவ்வளவு நல்லது செய்தவர்கள் 1939இல் செய்ததையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டனில் இவர்களுக்குச் சொந்தமான பெரிய மண்டபத்தில் பாட, கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அனுமதி மறுத்தார்கள். வெள்ளைக் கலைஞர்களுக்கு மட்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 பேர் முன்னால் மரியன் பாடினார். மண்டபத்தின் கதவு அவருக்குப் பின்னாளில் திறந்தது. கிளைகளின் கதவு திறக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

கிளையில் சேர்வதென்றால் என்ன? நம் ஊரில் மனை வாங்கும்போது தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை ஒரு கைமாற்றமும் விட்டுப்போகாமல் காட்டச் சொல்வார்களே, அதே மாதிரிதான். உங்களிடமிருந்து தொடங்கி அந்தப் போர் வீரர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆதாரம் வேண்டும். கறுப்பின மக்களுக்கு இது எத்தனை பெரிய சுவர் என்று யோசித்துப் பாருங்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளின் வயது, பாலினம், நிறம் போன்றவற்றைத்தான் எழுதினார்கள். பெயர் எழுதவில்லை. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு இடம்பெற்றது 1870 கணக்கெடுப்பில்தான். அந்தச் சுவரையும் தாண்டிக் காகிதம் கொண்டுவந்தாலும், கிளையின் உறுப்பினர்கள் இருவர் கையெழுத்துப் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும்.

காகிதத்தைத் தேடிவிடலாம், கையெழுத்துக்கு எங்கே போவது?

டெட்ராய்டில் கேரன் பாச்சலர் என்ற இளம் பெண், 1970களின் நடுவில் மகன் பிறந்த பிறகு தன் முன்னோரைத் தேடத் தொடங்கினார். முன்னோரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் 19ஆம் நூற்றாண்டிலேயே கறுப்பர் ஒருவரை மணந்திருந்தது தெரியவந்தது. அந்தக் கொடிவழியைப் பிடித்துக்கொண்டே போனால், பென்சில்வேனியா ஊர்க்காவல் படையில் இருந்த வில்லியம் ஹூட் என்பவரிடம் போய் நின்றது. ஆதாரம் கையில் இருக்கிறது, பரிந்துரைக்க ஆளில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வம்சாவளி வல்லுநர் ஜேம்ஸ் வாக்கர் உதவிக்கு வந்தார். கடைசியில் முன்வந்தது நம் ராயல் ஓக் கிளை. 1977 அக்டோபரில் கேரன் அதன் உறுப்பினரானார். அவர் கறுப்பினத்தவர் என்பது சங்கத்துக்குத் தெரிந்தே சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர்தான். நாடு முழுக்கச் செய்தியானது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. தலைநகர் வாஷிங்டனிலேயே, பள்ளியில் செயலராக வேலை பார்த்த லீனா ஃபெர்குசன் 1980இலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மெய்ன் மாநிலத்து ஜோனா கே என்ற முன்னோர் வழியில் அவருக்கு உரிமை உண்டு. கிளை வாசலிலேயே அவரை நிறுத்திவைத்தார்கள். சட்டப் போராட்டம் வரை போய்த்தான் 1984இல் உடன்பாடு ஏற்பட்டது. தனக்கு இடம் கிடைத்தால் போதும் என்று லீனா ஒதுங்கவில்லை. இன பேதம் கிடையாது என்பதைச் சங்கம் விதியில் எழுத வேண்டும், புரட்சிப் போரில் பங்கெடுத்த கறுப்பர்களை ஆவணங்களில் தேடிப் பெயரை வெளியிட வேண்டும் என்பதும் அந்த உடன்பாட்டில் சேர்ந்தது. 2008இல் வந்த தொகுப்பில் 6,600க்கும் மேற்பட்ட கறுப்பின, பழங்குடிப் பெயர்கள் இருந்தன. கல்லறைக் கற்களைத் தேடிய அதே பொறுமையோடு சங்கத்து ஆய்வாளர்கள் இந்தப் பெயர்களையும் தேடினார்கள் என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். லீனாவுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்ததைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

கேரனும் தன் உறுப்பினர் சான்றோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 1979இல் டெட்ராய்டில் ஃப்ரெட் ஹார்ட் வில்லியம்ஸ் வம்சாவளிச் சங்கம் தொடங்கியபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். தான் தட்டுத்தடுமாறிக் கற்றதை மற்றக் கறுப்பினக் குடும்பங்களுக்குச் சொல்லித்தருவதற்கான சங்கம் அது. வூட்வர்ட் சாலையில் போகும்போது டெட்ராய்ட் பொது நூலகத்தின் பளிங்குக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பர்ட்டன் வரலாற்றுத் தொகுப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த ஊர்க் குடும்பங்களின் கடிதங்களும் பதிவேடுகளும் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த முறை பிள்ளைகளோடு மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்பும் நாளில், ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு அங்கேயும் போய்வாருங்கள்.

நன்றி, வணக்கம்.